முடவாட்டுக்கால் அழிந்துவரும் செடியா? வாங்கலாமா, வளர்க்கலாமா?

கெடிலக்கரை:

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். மாடித்தோட்டக் கேள்விதான், ஆனால் கொஞ்சம் கதை சொல்லித்தான் கேட்க முடியும்.

எங்கள் அத்தைக்கு (மாமியார்) முழங்கால் வலி. தேவனாம்பட்டினம் கடற்கரையில் காலையில் நடக்க வருகிறவர்களுக்காக ஒருவர் தள்ளுவண்டியில் மூலிகை சூப் விற்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முடவாட்டுக்கால் சூப். அத்தை ஒரு கப் குடித்துவிட்டு, "அப்படியே ஆட்டுக்கால் சூப்தான். சைவத்திலேயே கிடைக்குதே, இனிமேல் வீட்டிலேயே வை" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த அண்ணனிடமே கிழங்கும் வாங்குகிறோம். கொல்லிமலையில் இருந்து மூட்டையாக வருகிறதாம். மேலே பழுப்பு ரோமத்தைச் சீவிவிட்டு, வட்டமாக நறுக்கி, மிளகு சீரகம் சின்ன வெங்காயம் அரைத்துப் போட்டுக் கொதிக்கவிடுவேன். வலி குறைந்ததா என்றால், அத்தை குறைந்தது என்கிறார், வீட்டுக்காரர் சிரிக்கிறார்.

போன வாரம் வாங்கிய கிழங்கில் காய்ந்த இலை ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. காகிதம் போல மொடமொட என்று, ஓரமெல்லாம் வளைவு வளைவாக. பதினொன்றாவது படிக்கும் மகள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது கிழங்கே இல்லம்மா, பெரணி. செங்குத்துப் பாறையில் வளரும். பிடுங்கினால் திரும்ப வராது. அழியப்போகிற செடியைத்தான் ஆயாவுக்குச் சூப் வைக்கிறீங்க" என்று அத்தை எதிரிலேயே சொல்லிவிட்டாள். அத்தை அன்று சூப்பைத் தொடவில்லை. வீடு இரண்டு கட்சியாகிவிட்டது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உண்மையிலேயே இது அழிந்துவரும் செடிப் பட்டியலில் இருக்கிறதா? பாறையில் மட்டும்தான் வளருமா, நம் பக்கம் கேப்பர் மலைச் சரிவில் எங்காவது இருக்கிறதா? வாங்கி வைத்ததில் ஒரு துண்டின் முனையில் பஞ்சு போல மூடிய, இளம்பச்சையான மொட்டு ஒன்று இருக்கிறது. அதை நட்டால் பிழைக்குமா?

சுருளிலை:

சைட்டிஸ் பட்டியலில் இல்லை அக்கா. நாடு விட்டு நாடு விற்கக் கட்டுப்பாடு உள்ள செடிகளின் பட்டியல் அது. பெரணிகளில் மரப்பெரணிகள்தான் அதில் இருக்கின்றன. கூகுளில் தேடினால் முடவாட்டுக்கால் இந்தியா முதல் ஆஸ்திரேலியா வரை இருப்பதாகக் காட்டுகிறது. பாப்பா ரொம்பப் பயமுறுத்திவிட்டாள். ஆயாவை நிம்மதியாகக் குடிக்கச் சொல்லுங்கள்.

பழைய உலர்தாள்:

திருப்பாதிரிப்புலியூர்க்காரன். ஒரு கல்லூரித் தாவரவியல் துறையில் செடிகளை அமுக்கிக் காயவைத்து அட்டையில் ஒட்டுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரணி என்றால் எனக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வரும்.

மேலே தம்பி சொன்னது சரி. செடியின் பெயர் டிரைனேரியா குவெர்சிஃபோலியா. 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் பெயர் வைத்த காலத்திலேயே தெரிந்த செடி. இப்போது சிலர் இதை அக்லாவோமார்ஃபா என்ற பேரினத்துக்கு மாற்றி எழுதுகிறார்கள், இரண்டு பெயரிலும் தேடுங்கள். இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, நியூகினி, ஆஸ்திரேலியாவின் வடக்கு என்று பரந்து கிடக்கிறது. இனம் முழுக்க அழிகிறது என்று சொல்ல இடமில்லை. ஆனால் பட்டியலைப் பார்த்து நிம்மதியாகி விடுவதற்கும் இடமில்லை. உலகத்தில் பத்தாயிரத்துக்கு மேல் பெரணி இனங்கள் இருக்கின்றன. எந்த இனத்துக்கு அழியும் ஆபத்து எவ்வளவு என்று சொல்கிற ஐயுசிஎன் சிவப்புப் பட்டியலுக்காக அவற்றில் பெரும்பாலானவற்றை இன்னும் மதிப்பிடவே இல்லை. பட்டியலில் பெயர் இல்லாத செடி என்றால் பல நேரம் யாரும் போய்ப் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

அதோடு பட்டியல் பேசுவது உலகத்தில் மொத்தமாக இந்த இனத்தின் நிலையை. நீங்கள் வாங்கும் மூட்டை வருவதோ கொல்லிமலையில் ஏதோ ஒரு குறிப்பிட்ட பாறையில் இருந்து. அந்தப் பாறையில் என்ன நடக்கிறது என்று பட்டியல் போடுகிறவர்கள் யாரும் எழுதப்போவதில்லை.

பாறையில் இது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால் மகளின் கவலை எவ்வளவு சரி என்பது புரியும். நீங்கள் சீவுகிற ரோமக்கட்டை வேரும் அல்ல, கிழங்கும் அல்ல. தண்டு. மண்ணுக்குள் போகாது, பாறையின் மேலேயே ஊர்ந்து போகும். அடியில் இருந்து மெல்லிய வேர்கள் இடுக்குகளைப் பிடித்துக்கொள்ளும். இலை இரண்டு வகை. ஒரு மீட்டர் வரை நீளும் பச்சை இலை ஒன்று. சமைப்பது, முதுகில் பழுப்புப் புள்ளிகளாக, விதைக்குப் பதிலான வித்துத்தூளை உண்டாக்குவது எல்லாம் அதன் வேலை. இன்னொன்று உங்கள் மகள் கண்டுபிடித்த அந்தக் காகித இலை. குட்டை, காம்பு கிடையாது, வந்த கொஞ்ச நாளிலேயே பழுப்பாகிவிடும், ஆனால் விழாது. தண்டை அணைத்தபடி கூடையாக நிற்கும். மேலிருந்து விழும் சருகு, தூசி, பறவை எச்சம் எல்லாம் அதில் தங்கி மக்கும். மொட்டைப் பாறையில் தனக்கு வேண்டிய மண்ணைத் தானே சேர்த்துக்கொள்கிற செடி இது. சேர்த்த மண்ணில் சின்ன ஆர்க்கிட், பாசி, எறும்பு, பூரான் என்று ஊரே குடியேறிவிடும்.

அரிவாளைக் கொடுத்து நெம்பி எடுத்தால் தண்டு மட்டும் வருவதில்லை. அந்தப் படுகை முழுவதும் பாயைச் சுருட்டுவது போல உரிந்து கீழே விழுகிறது. மிஞ்சுவது வெயிலில் காயும் கல்.

திரும்ப வராதா? நுனி உள்ள ஒரு துண்டு பாறையில் மிச்சம் இருந்தால் வரும், ஊர்ந்து மறுபடி பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் உரித்துவிட்டால் வித்துத்தூளில் இருந்துதான் தொடங்க வேண்டும். தூள் காற்றில் எவ்வளவு தூரமும் போகும், அது பிரச்சினை இல்லை. ஆனால் முளைத்தவுடன் பெரணி வருவதில்லை. விரல் நகத்தைவிடச் சின்னதாக, இதய வடிவத்தில் ஒரு பச்சைத் தகடுதான் முதலில் வரும். அதன் மேல் ஒரு படலம் தண்ணீர் நிற்க வேண்டும். ஆண் அணு நீந்திப் போய்ப் பெண் அணுவைச் சேர்ந்தால்தான் பெரணிக் குஞ்சு. அதற்குள் பங்குனி வெயில் வந்துவிட்டால் கதை முடிந்தது. அப்படியே பிழைத்தாலும் உங்கள் கட்டைவிரல் பருமனுக்குத் தண்டு திரள வருடங்கள் ஆகும். கொல்லிமலை மேல்பகுதி ஆயிரம் மீட்டருக்கு மேலே, மூடுபனி வந்து மோதுகிற உயரம். அதனால்தான் அங்கே பாறைகளிலும் இந்தத் தகடு பிழைக்கிறது.

இப்படி உரித்துத் தீர்த்த கதை வேறு ஊரில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. அயர்லாந்தில் கில்லார்னி பெரணி என்று ஒன்று. நீர்வீழ்ச்சி ஓரத்துப் பாறைப் பிளவுகளில் வளரும், ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய இலை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பெரணி வளர்ப்பது பெரிய பைத்தியமாகப் பரவியது. வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்காகக் கூடை கூடையாக அள்ளினார்கள். ஊர்க்காரர்களே சுற்றுலா வந்தவர்களுக்கு விற்றார்கள். பல பாறைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இப்போது பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டு வாழிட ஆணையிலும் அதற்குப் பாதுகாப்பு உண்டு. எந்தப் பாறையில் இருக்கிறது என்பதை வெளியில் சொல்வதுகூட இல்லை. வேடிக்கை என்னவென்றால், முழுச் செடி இல்லாத இடங்களிலும் அதன் முதல் நிலை மட்டும் இருட்டுப் பிளவுகளுக்குள் பச்சைப் பஞ்சாக உயிரோடு இருப்பதைப் பின்னாளில் கண்டுபிடித்தார்கள். முடவாட்டுக்காலுக்கு அந்தச் சலுகை கிடையாது. நகமளவுத் தகடாக அத்தனை காலம் இருட்டில் தாக்குப்பிடிக்கிற ஜாதி இல்லை இது.

கேப்பர் மலையில் தேடாதீர்கள். அது பாறை மலையே இல்லை. கடலூர் மணற்கல் என்று நம் ஊர்ப் பெயரிலேயே புவியியல்காரர்கள் சொல்கிறார்களே, அந்தப் படிவம். திருவக்கரையில் கல்மரங்கள் கிடப்பதும் நெய்வேலி நிலக்கரிக்கு மேலே மூடிக் கிடப்பதும் அதே படிவம்தான். மழைக்கு மழை அரித்துச் சரிகிற செம்மண்ணில் இந்தச் செடி எதைப் பிடித்துக்கொண்டு ஊரும்?

நம் சமவெளியில் பெரணிக்குச் செங்குத்துப் பாறை என்றால் பழைய கிணறுதான். செங்கல் கட்டிய இறைகிணறு எதையாவது எட்டிப் பாருங்கள், கயிறு உரசாத பக்கத்தில் கருங்காம்புள்ள அடியாண்டம் என்ற பெரணி தொங்கும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்துச் சுண்ணாம்புச் சுவர்களில் டெரிஸ் விட்டாட்டா என்று ஒன்று வரும், நீளமான சீப்பு இலை. அது மண்ணில் உள்ள ஆர்சனிக் என்ற நஞ்சை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் என்று அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் 2001இல் கண்டுபிடித்தார்கள். அதை மட்டும் யாரும் சூப் வைத்துவிடாதீர்கள். வயலில் பறித்துச் சமைக்கிறோமே ஆரைக்கீரை, அதுவும் பெரணிதான். எனவே பெரணி என்பதற்காக மட்டும் உங்கள் அத்தை பயப்பட வேண்டாம்.

கடைசியாக, அந்த மொட்டு. மூட்டையில் நுனித் துண்டு வருகிறது என்றால் வெட்டியவர் நுனியைக்கூட விட்டுவைக்கவில்லை என்று அர்த்தம். நான் என்றால் அந்த மூட்டையில் வாங்கமாட்டேன். யாரும் வாங்காவிட்டால் தானாக நிற்கும்.

ஆகாயகங்கை:

ஐயா எழுதியது எல்லாம் சரி, கடைசி வரி தவிர.

எனக்குச் சொந்த ஊர் கொல்லிமலை. இப்போது புதுச்சேரி சேதராப்பட்டில் கம்பெனி வேலை. எங்கள் பாட்டி எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். தண்டின் பின்பக்கம், பழைய கட்டையைத்தான் வெட்டுவார். நுனியில் கை வைக்கமாட்டார். இலைக்கூடையைக் கலைத்தால் திட்டுவார், உள்ளே தேள் இருக்கும் என்பதும் ஒரு காரணம். வீட்டுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான்.

இப்போது நடப்பது வேறு. கீழே இருந்து வியாபாரி வருகிறார், கிலோ கணக்கில் கேட்கிறார். எடைக்குக் காசு என்றால் நுனியும் எடைதானே. கைக்கு எட்டுகிற பாறையில் தீர்ந்துவிட்டது, அதனால் கயிறு கட்டி இறங்குகிற பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பதும் வண்டிக்காரர் உங்களிடம் வாங்குவதும் ஒரே விலை இல்லை, அதையும் கணக்கில் வையுங்கள்.

ஆனால் "யாரும் வாங்காதீர்கள்" என்றால் அறப்பளீஸ்வரர் கோயில் வழியில் சாக்கு விரித்து நான்கு கட்டையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குத்தான் முதல் அடி. வியாபாரி நாளைக்கு வேறு சரக்குக்குப் போய்விடுவார். அந்த அம்மா எங்கே போவார்?

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இது பாறையில் மட்டும் இல்லை, மரத்திலும் வரும். எங்கள் ஊரில் பட்டா நிலத்தில் காப்பி, மிளகு, நடுவில் நிழலுக்குப் பெரிய பலா மரங்கள். அந்தப் பலாவின் கவட்டையில் நிறைய இருக்கும். சொந்த மரத்தில் இருப்பதை நுனி விட்டு வெட்டினால் மறுபடி வெட்டலாம், சொந்த மரத்தில் இருப்பதை யாரும் அடியோடு அழிக்கப்போவதில்லை. காப்புக்காட்டுப் பாறையில் உரிப்பது வேறு விஷயம், அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் எடுக்கவே கூடாது. ஆகவே வண்டிக்காரரிடம் பாறையா மரமா என்று கேளுங்கள். ரோமத்தில் மரப்பட்டைத் துணுக்கு ஒட்டியிருந்தால் மரம். மணல் இருந்தால் பாறையாக இருக்கலாம்.

பழைய உலர்தாள்:

தம்பி சொல்வதில் பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன். சாக்கு விரித்த அம்மாவிடம் வாங்குங்கள். மூட்டை வியாபாரம் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. பட்டைத் துணுக்கு அடையாளம் எனக்குப் புதிது, நன்றி.

பலாத்தோப்பு:

பண்ருட்டிப் பக்கம். தானே புயலில் (2011 டிசம்பர்) எங்கள் தோப்பில் பாதிக்கு மேல் சாய்ந்துபோச்சு. நின்ற பழைய பலா ஒன்றில் இந்தச் செடி இருக்கிறது, அப்பா ஏற்காடு போனபோது கொண்டுவந்து கட்டியது. ஆகவே சமவெளியில் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாறையில்லாத கேரளக் கடலோரத்திலும் மாமரத்திலும் தென்னையிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

செய்முறை சொல்கிறேன். தொட்டியில் மண் போட்டுப் புதைத்தால் அழுகிவிடும். இதுதான் எல்லோரும் செய்வது, அப்புறம் "வரலை" என்பது. மொட்டுள்ள துண்டு ஒரு சாண் நீளமாவது இருக்கட்டும். வெட்டுவாயில் சாம்பல் தடவி ஒருநாள் நிழலில் விடுங்கள். சொரசொரப்பான பட்டையுள்ள மரத்தில், வெயில் நேராக அடிக்காத வடக்குப் பக்கமாக, ஊறவைத்த தேங்காய் நாரை அடியில் வைத்துக் கயிற்றுநாரால் கட்டுங்கள். பிளாஸ்டிக் கயிறு வேண்டாம், தண்டை அறுக்கும். மொட்டு மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கலாம், நாருக்குள் மூடக்கூடாது.

ஐப்பசியில் கட்டுங்கள். நமக்கு மழையே வடகிழக்குப் பருவத்தில்தான். அந்த மழை முடிவதற்குள் வேர் பிடித்துவிட்டால் தை, மாசி தாண்டிவிடும். சித்திரையில் பச்சை இலை எல்லாம் உதிர்ந்து செத்தது போல நிற்கும். பிடுங்கிவிடாதீர்கள், முதல் மழைக்குத் திரும்ப விடும். பழுப்பு இலையைச் சுத்தம் செய்கிறேன் என்று கிள்ளவும் கூடாது, அதுதான் அதற்குச் சாப்பாட்டுத் தட்டு என்று ஐயா எழுதியிருக்கிறாரே. நாங்கள் வாரம் ஒருமுறை அதற்குள் காய்ந்த பலாச் சருகை நொறுக்கிப் போடுவோம்.

எறும்பு வரும். இலையில் தேன் சுரக்கும் இடங்கள் இருக்கின்றன, அதற்காக வரும். மருந்து அடிக்கத் தேவையில்லை.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி. உங்கள் பதில்களை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். பாட்டி நுனியில் கை வைக்கமாட்டார் என்ற இடத்தில், "நாங்களும் கறிவேப்பிலை அப்படித்தான் ஒடிப்போம், இதில் என்ன அதிசயம்" என்றார்.

நேற்று சூப் அண்ணனிடம் பாறையா மரமா என்று கேட்டேன். அவர் சேலத்தில் ஒரு மண்டியில் எடுக்கிறார், மலைக்குப் போனதே இல்லையாம். மூட்டையைக் கொட்டிக் காட்டினார். ஐந்தாறு துண்டுக்கு ஒன்று நுனியோடுதான் இருக்கிறது. ரோமத்தில் மணல், கொஞ்சம் காய்ந்த பாசி. மரப்பட்டை கண்ணில் படவில்லை. நுனி இல்லாத சரக்கு வந்தால் சொல்லுங்கள், அப்போது வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அடுத்த மூட்டை எடுக்கும்போது மண்டியில் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார், கேட்பாரா தெரியாது. அதுவரை அத்தைக்கு முருங்கைக்கீரை சூப். முழங்காலை எலும்பு டாக்டரிடமும் காட்டப் போகிறோம், அது தனிக் கதை.

மகள் அந்தக் காகித இலையைச் செய்தித்தாளில் அமுக்கி வைத்திருக்கிறாள். ஐயா, அதை எப்படிப் பத்திரப்படுத்துவது?

அப்புறம் மொட்டுத் துண்டு. எங்களிடம் பலா இல்லை. பின்கட்டில் ஒரு தென்னை, பக்கத்தில் தூர்ந்துபோன கிணறு, கிணற்றின் சுவரில் ஈரம் எப்போதும் இருக்கிறது. எங்கே கட்டலாம்?

பழைய உலர்தாள்:

தென்னையில் கட்டுங்கள். கிணற்றுச் சுவர் வேண்டாம். தூர்ந்த கிணற்றின் காரை ஏற்கெனவே பெயர்ந்துகொண்டிருக்கும், தண்டு கனத்தால் ஒருநாள் செங்கலோடு விழும். அதோடு எட்டிப் பார்க்கிறேன் என்று பிள்ளை சாயப்போகிறாள். தேங்காய் பறிப்பவர் எந்தப் பக்கம் கால் வைத்து ஏறுகிறார் என்று பார்த்துக்கொண்டு, அதற்கு எதிர்ப்பக்கம் ஆள் உயரத்தில் கட்டச் சொல்லுங்கள். ஐப்பசி வரை அந்தத் துண்டை ஈரநாரில் சுற்றி நிழலில் வைத்திருங்கள், தண்ணீர் தேங்கக்கூடாது.

இலைக்கு: தாளைத் தினமும் மாற்றச் சொல்லுங்கள், ஈரம் போனதும் கெட்டி அட்டையில் நூலால் தைக்கட்டும். செலோடேப் ஒட்டினால் சில வருடத்தில் மஞ்சளாகி உரியும். ஓரத்தில் செடியின் பெயர், தேதி, கிடைத்த இடம். இடம் என்பதில் கொல்லிமலை என்று எழுதாமல், "கடலூர் கடற்கரை, விற்பனைக்கு வந்தது, சேலம் மண்டி வழியாக" என்று எழுதட்டும். தெரிந்த அளவுதான் எழுத வேண்டும். பள்ளி விடுமுறையில் புதுச்சேரி போனால் செயின்ட் லூயி தெருவில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது. முன்கூட்டியே எழுதி அனுமதி கேட்டால் ஒரு முழுத் தாள், இரண்டு வகை இலையும் சேர்த்து ஒட்டியது, காட்டுவார்களா என்று பாருங்கள்.

ஆகாயகங்கை:

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன் அக்கா. எங்கள் பலாவில் இருந்து ஆயாவுக்குப் பின்கட்டை ஒன்று வெட்டிக்கொண்டு வருகிறேன். சேதராப்பட்டில் இருந்து கடலூர் பஸ் ஏறினால் வந்துவிடலாம், தேவனாம்பட்டினத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.